கல்யாணச் சாவும் கம்பங்களியும்

அப்புச்சி, அதாவது என் அம்மாவின் அப்பா, எழவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "தொண்ணூறு தாண்டுன உடம்பு, கல்யாணச் சாவு. எல்லாம் கம்பங்களியும் காட்டு வேலையும் குடுத்த ஆயுசு."

சரி, அதே களியைத் தின்று அதே காட்டில் கிடந்த அவருடைய கூடப்பிறந்தவர்கள் என்ன ஆனார்கள்? பேதியிலும் அம்மையிலும் பால்குடி மறக்கும் முன்பே நாலு பேர் போய்விட்டார்கள். சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. பிழைத்து நின்ற ஒருவரைக் காட்டிக் களிக்குப் பெருமை சேர்க்கிறோம்.

உழைப்பு பொய்யில்லை. அவிநாசிப் பக்கம் கிணற்றை நம்பித்தான் வெள்ளாமை. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை விடியுமுன் பூட்டுவார். மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். தண்ணீர் மொள்ளும் பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் மாட்டைப் பின்னாலேயே நடத்தி மேடேற்ற வேண்டும். வெயில் ஏறும்வரை இதேதான். அந்தத் தண்ணீருக்கு மடை மாற்றிக்கொண்டு நின்றது அவர் மனைவி, என் அம்மாயி. 'உழைப்பால் உயர்ந்தவர்' என்று போஸ்டர் அடித்தபோது அம்மாயி பெயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இந்தக் கவலையை அப்புச்சி ஒருநாளும் கொண்டாடியதில்லை. கரண்டு மோட்டார் வைத்ததும் கவலை மரத்தை உடைத்து அடுப்பெரித்தவர் அவர். அந்தக் கரண்டுக்கும் சண்டை போட வேண்டியிருந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970இல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் கோவையை மாட்டு வண்டிகளால் நிறைத்த போராட்டத்துக்கு அப்புச்சியும் வண்டி கட்டிக்கொண்டு போனார். 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. 'ஓசிக் கரண்டு' என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து சண்டைக்கு நிற்பார்.

குறையே இல்லாத மனுஷனா என்றால் இல்லை. மாமன்கள் காலேஜ் போனார்கள். என் அம்மா எட்டாவதோடு நின்று பருத்தி எடுக்கப் போனாள். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பிறந்த தேதி அவருக்கே தெரியாது. ஆதாரில் ஜனவரி 1. கடைசி வருஷங்களில் அவரை நிறுத்தி வைத்தது பிரஷர் மாத்திரை. 2021இல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு அந்த மாத்திரை வீட்டுக்கே வந்தது. கொண்டு வரும் பெண் ஒருநாள் தாமதித்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பழைய சோற்றின் மகிமையை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பும் யாரும் இந்த மாத்திரையைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

ஆற்றுத் தண்ணீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காகப் பாதி ஆயுசு கூட்டங்களுக்கு அலைந்தவர். 2024 ஆகஸ்டில் திட்டம் தொடங்கி எங்கள் குட்டைக்கும் தண்ணீர் வந்தபோது அவருக்கு நடமாட்டம் இல்லை. போனில் வீடியோ எடுத்து வந்து காட்டினேன். கண்ணீர் விடுவார் என்று எதிர்பார்த்தால், "மீன் ஏலம் யாரு எடுத்திருக்கான்?" என்று கேட்டார்.