பில்லர் போடாதவன் வீடு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும், நம்ம சொந்தபந்தத்தின் வேகம் அப்படி. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. மாமா ஹால் மூலையில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மருமவனே, பில்லர் எடுக்கலியா? துட்டு பத்தலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், அதுதான் இப்போது எரிகிறது.

ஆமாம், பில்லர் இல்லை. துட்டு பத்தாமல் இல்லை. தேவைப்படவில்லை.

எங்கள் மனை பாளையங்கோட்டைக்கு வெளியே. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது மூன்றடியிலேயே கடப்பாரை ணங்கென்று துள்ளியது. நல்ல கெட்டிச் சரள் மண். இன்ஜினியர் குழிக்குள் இறங்கிப் பார்த்தார். கீழே ஒரு தளம், பின்னாளில் மேலே ஒரு மாடி, எந்த அறையும் பன்னிரண்டு அடிக்கு மேல் இல்லை, சுவரே போதும் என்றார். 9 இஞ்ச் சுவர், பிளிந்த் மட்டத்தில், அதாவது அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில், கான்கிரீட் பெல்ட், கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி இன்னொன்று. கூரையின் பாரம் சுவர் வழியாக இறங்கிச் சரளில் உட்கார்ந்துவிடும். பில்லர் வீட்டில் அதே பாரம் பீமுக்குப் போய், பில்லருக்குப் போய், கீழே இறங்கும். நடுவில் இருக்கும் சுவர் வெறும் தடுப்பு. இரண்டுமே சரியான முறைதான். எது வேண்டும் என்று மண்ணைத்தான் கேட்க வேண்டும், மாமாவை அல்ல.

கரிசலில் கட்டினால் நானே பில்லர் கேட்பேன். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். அந்த மண்ணை நம்பி வெறும் சுவரை நிறுத்த முடியாது. ஆனால் பில்லர் என்று பேர் வைத்தால் மட்டும் போதுமா?

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் அத்தை வீடு பில்லர் வீடுதான். பள்ளி லீவுக்குப் போயிருந்தபோது கூடவே நின்று பார்த்தேன். குழி நாலடி, கரிசலைத் தாண்டவே இல்லை. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் கிடையாது, கம்பால் குத்தினார்கள். பலகையைப் பிரித்தால் பில்லர் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, உள்ளே கம்பி பல்லிளித்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் சிமெண்ட் பாலைக் குழைத்து அதன் மேல் பூசிவிட்டுப் பீடி பற்ற வைத்தார். பீமுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கிகளை எட்டாம் நாளே உருவி அடுத்த வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். கான்கிரீட் வேலைக்கு இந்தியத் தர அளவை 456 என்று ஒன்று இருக்கிறது. 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்றைக்கு அத்தை வீட்டு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. அத்தை அதன் மேல் காலண்டர் மாட்டியிருக்கிறாள். அதுவும் பில்லர் வீடுதான், மாமா.

"பூகம்பம் வந்தா?" என்று கேட்பீர்கள். 2016-இல் வந்த பூகம்பத் தர அளவையின்படி நம்ம திருநெல்வேலி 2-ஆம் மண்டலம், அதாவது ஆபத்து ஆகக் குறைந்த வகுப்பு. சுவரைக் கட்டிப்பிடிக்கத்தான் அந்த இரண்டு பெல்ட். "மேல மாடி?" எடுக்கலாம், கீழ்ச் சுவருக்கு நேர் மேலே மேல்சுவர் வர வேண்டும், அவ்வளவுதான். "பேங்க்ல மதிப்பு குறையும்லா?" விற்கவா கட்டினேன்?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு ஹாலைப் பெரிதாக்க நினைத்து நடுச்சுவரை இடிக்க முடியாது. பாரம் அதன் மேல் இருக்கிறது. கீழே கார் நிறுத்த இடம் விடுவதும் கஷ்டம். இது நிஜமான குறை. தெரிந்தேதான் எடுத்தேன். என்னிடம் கார் இல்லை. (அதற்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா என்பார்.)

பில்லர் செலவு மிச்சமானதை வேறு இடத்தில் போட்டோம். சேம்பர் சூளையில் சுட்ட செங்கல், பாறையை உடைத்து எடுத்த நல்ல எம்-சாண்ட் மணல், பூச்சுக்குத் தனியாக பி-சாண்ட். எங்கள் கொத்தனார் லேசர் மட்டம் வைத்திருக்கிறார், ஆனாலும் நாலு மூலைக்கும் டியூப்பில் தண்ணீர் விட்டு ஒரு தடவை பார்த்த பிறகுதான் பெல்ட் போட்டார். மாமா தட்டிய மூலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள், நூல் விலகினால் வந்து சொல்லுங்கள். பூச்சுக்குப் பிறகு இதெல்லாம் யார் கண்ணில் படுகிறது? பில்லர் என்றால் கம்பி கட்டும்போதே தெருவே பார்க்கும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ரிட்டயர் ஆன பணம் முழுக்க இந்த வீட்டில்தான் இருக்கிறது. சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் நிற்கணும் என்று இன்ஜினியர் சொன்னதால், மொட்டை மாடியில் பாத்தி கட்டி, பதினாலு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓஸைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் அவர். முட்டி வலி வேறு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "ஏல, இனிமே பில்லர் வைக்க முடியுமா?"

மாமாவை டேக் பண்ணவில்லை. பண்ணினால் வீட்டுக்குள் வராதே என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் தம்பியாம்.