இரண்டு மைக் இருந்தால் இரைச்சலே கேட்காதா?

"இரண்டு மைக் வைத்த காது மிஷின் போட்டால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலும் எதிரே நிற்பவர் குரல் மட்டுமே கேட்கும். ஒரு மைக் மிஷினைத் தூக்கிப் போடுங்கள்." மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி எங்கள் அத்தை வழியாக எனக்கும் வந்தது. அப்படியே நம்ப வேண்டாம்.

கருவியில் முன்னும் பின்னுமாக உள்ள இரு மைக்குகளுக்கு இடையே 1 செ.மீ. அளவு இடைவெளிதான். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதனால் முதுகுக்குப் பின்னால் அடிக்கும் ஹாரன், பின் மைக்கைத் தொட்டு, ஒரு வினாடியின் லட்சத்தில் 3 பங்கு நேரம் கழித்தே முன் மைக்கைத் தொடும். பின் மைக்கில் விழுந்த ஒலியை அதே அளவு தாமதப்படுத்தி, முன் மைக்கின் ஒலியிலிருந்து கழித்தால் ஹாரன் அமுங்கிவிடும். எதிரே பேசும் குரல் தப்பிக்கும். அழகான கணக்கு, சரி. ஆனால் இந்தக் கணக்குக்குத் திசைதான் தெரியும், பேச்சு எது, இரைச்சல் எது என்று தெரியாது. பேசுபவருக்குப் பின்னால் பஸ் உறுமினால் அதுவும் கூடவே உள்ளே வரும். மீனாட்சியம்மன் கோயில் கல் மண்டபம் போன்ற இடங்களில் எதிரொலி நாலா பக்கமும் இருந்து வருவதால் பலன் இன்னும் குறையும். நடைமுறையில் கிடைப்பது சில டெசிபல் ஆதாயம்; இரைச்சலில் தடுமாறுபவருக்கு அதுவே பெரிது.

அமைதியான வீட்டுக்குள் ஒரு மைக் மிஷினே போதும். அப்புறம், இரண்டு மைக் மிஷின் வைத்திருப்பவர்கள் டீக்கடையில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.