வெந்நீரூற்று விடுதி பணக்காரர்களுக்கு மட்டுமா?
ஜப்பானில் மலையில் வெந்நீரூற்று விடுதி என்றாலே ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு 30,000 யென் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. இரண்டு வேளை விருந்துச் சாப்பாடு, ஆள் வந்து மெத்தை விரித்துப் போடுவது எல்லாம் சேர்ந்த ரியோகான் என்கிற பாரம்பரிய விடுதிக்கு அந்த விலை இருக்கலாம். ஆனால் 'தோஜி' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. அறுவடை முடிந்த விவசாயிகள் அரிசி, மிசோ என்கிற சோயா விழுது எல்லாம் கட்டிக்கொண்டு மலையேறி, வாரக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, உடம்பு வலி தீரக் குளித்துவிட்டுப் போவார்கள். வடகிழக்கு ஜப்பானில் அந்த மாதிரி அறைகள் இன்னமும் இருக்கின்றன. இவாதே மாகாணத்தில் ஹனமாகிக்குப் பக்கத்து ஓசவா ஓன்சென் என்கிற வெந்நீரூற்று விடுதியில் நான் இரண்டு நாள் அப்படித் தங்கினேன். மெத்தை, யுகாதா என்கிற பருத்தி அங்கி எல்லாவற்றுக்கும் தனித்தனி வாடகை, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பொதுச் சமையலறையில் 10 யென் காசு போட்டால்தான் காஸ் அடுப்பு எரியும். சில்லறை தீர்ந்து என் பருப்பு அரை வேக்காட்டில் நின்றபோது, பக்கத்து அடுப்புப் பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் தன் காசைப் போட்டுத் திருகிவிட்டுப் போனார். அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இந்த விடுதிகளில் சைவத்துக்கு வழியே இல்லை என்கிறார். ரியோகான் சாப்பாட்டில் வெறும் காய்கறி போலத் தெரிவதிலும் பெரும்பாலும் மீன் கருவாட்டுச் சாறான தாஷி இருக்கும், உண்மைதான். அதற்கும் இந்தச் சமையலறைதான் வழி. என்ன, தடுப்பு வெறும் காகிதக் கதவு, பக்கத்து அறைக் குறட்டை காதுக்குள்ளேயே கேட்கும்.