புதுக்குடல் வைத்த மறுநாளே நெய்ச்சோறா?

“சிறுகுடல் மாற்று அறுவை முடிந்ததும் நரம்பு வழி உணவு (ரத்தக்குழாயில் ஏற்றும் சத்துநீர்) தேவையில்லை, மறுநாளே நெய்ச்சோறு சாப்பிடலாம், எதிர்ப்பு சக்திக்குப் பம்பளிமாஸ் சாறு குடிக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. அந்தச் சாறு ஆபத்தும்கூட.

புதுக்குடலுக்கு ரத்தக்குழாய்களை இணைக்கிறார்கள். கொழுப்பைச் சுமக்கும் நிணநீர்க் குழாய்களை இணைப்பதில்லை. அவை தாமாக வளர்ந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நெய், எண்ணெய்க்குக் கட்டுப்பாடு உண்டு. முதலில் வயிற்றுக்கோ குடலுக்கோ போகும் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் திரவ உணவு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வாய்வழி உணவு. குடல் ஏற்க ஏற்கத்தான் நரம்பு வழி உணவைக் குறைப்பார்கள்.

பெரும்பாலும் வயிற்றில் ஒரு துவாரம் வைத்துப் பை மாட்டியிருப்பார்கள். குடலிலிருந்து வெளியேறிப் பையில் சேரும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, இத்தனை மில்லி என்று வீட்டார் குறித்து வைப்பதைப் பார்க்கலாம். அளவு திடீரென ஏறினால் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். உடலில் நீரும் உப்பும் வற்றும். கிருமித்தொற்றாகவோ உடல் குடலை நிராகரிப்பதாகவோ இருக்கலாம்.

சரி, பம்பளிமாஸ்? நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகம் பாதிக்கப்படும். “எதிர்ப்பு சக்தி” கூட்டும் லேகியம், பொடி எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இங்கே எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்கித்தான் குடலைக் காப்பாற்றுகிறார்கள்.