"எலும்பு மாதிரி காஞ்ச மரம்" என்று சொல்லித் தலையில் கட்டாதீர்கள்

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது அந்த விரிசல்தான். மேசைப் பலகையின் இடது முனையில் தொடங்கி ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. முதலில் பார்த்தபோது தலைமுடி அளவுக்கு இருந்தது, இப்போது நகம் உள்ளே போகிறது. ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அந்த மேசைக்குக் கொடுத்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

மகளுக்கென்று செய்த எழுதும் மேசை. 110 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், தேக்கு. 12 செ.மீ. அகலத்தில் ஐந்து பலகைகளைப் பசை போட்டு ஒட்டி மேற்பலகை, நான்கு கால், சுற்றிலும் சட்டம், எல்லாமே கழுந்தும் துளையுமாக, அதாவது ஒரு கட்டையின் முனையை நாக்கு போலச் சீவி இன்னொன்றின் துளையில் செருகிக் கோத்தது, ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மரம் எடுக்கப் போனபோது மரக்கடைக்காரரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "காஞ்ச மரம்தானே?" வந்த பதில் இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, மூணு வருஷமா நம்மகிட்ட கிடக்கிற மரம். எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

மூன்று வருஷம் கிடந்தது உண்மைதான். ஆனால் எப்படிக் கிடந்தது? தடியாகக் கிடந்தது! பட்டையோடு, மழையிலும் வெயிலிலும், முழுத் தடியாக. நான் அளவு சொன்ன பிறகுதான் அறுத்தே கொடுத்தார்கள். தடி எத்தனை வருஷம் கிடந்தாலும் அதன் நடுவில் இருக்கிற ஈரம் அவ்வளவு சுலபத்தில் வெளியே வராது. பலகையாக அறுத்து, நடுநடுவே குச்சி வைத்து, காற்றுப் புக இடம்விட்டு அடுக்கிய நாளில் இருந்துதான் காய்கிற கணக்கே தொடங்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு, மரத்துக்கு மரம் மாறும், இடத்துக்கு இடம் மாறும், ஆனாலும் அடிப்படை அதுதான். நாள் முழுக்க மரத்தோடு கிடக்கிறவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

இழைக்கும்போதே எனக்கு உறுத்தியது. காய்ந்த தேக்கில் இழைப்புளியைத் தள்ளினால் சீவல் சரசரவென்று சுருண்டு வந்து விழும், காலால் மிதித்தால் நொறுங்கும். இதுவோ துவண்டுபோய் இழைப்புளியின் வாயை அடைத்துக்கொண்டது. ஒரு நாள் இரவு இழைப்புளியைப் பலகை மேலேயே விட்டுவிட்டேன், காலையில் எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் துருப் புள்ளி. பலகையைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தது. இத்தனையும் பார்த்துவிட்டும், இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர் பொய் சொல்வாரா என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன், அதை நினைத்தால்தான் ஆத்திரம் இன்னும் கூடுகிறது.

சந்தேகம் தாங்காமல் விரிசல் விட்ட பிறகு ஒரு சோதனை செய்தேன். அதே மரத்தில் மிஞ்சிய துண்டு ஒன்றின் நடுப்பகுதியில் இருந்து விரல் கனத்துக்கு ஒரு சில்லு அறுத்து எடை போட்டேன், 42 கிராம். அடுப்புப் பெட்டியில் 103 டிகிரியில் வைத்து, எடை இதற்கு மேல் குறையவில்லை என்று தெரிகிறவரை மறுபடி மறுபடி எடுத்து நிறுத்தேன். கடைசியில் 34 கிராம். அதாவது போன தண்ணீர் 8 கிராம், காய்ந்த மரத்தின் எடையில் 23 சதவீதத்துக்கு மேல்! அதுவும் பட்டறையில் ஆறு மாதம் கிடந்த பிறகு. வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு 8 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டிய ஈரம் இது. எலும்பாம் எலும்பு.

இந்த ஈரம் என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை மரத்தில் இருக்கிற தண்ணீரில் ஒரு பங்கு நார்க்குழாய்களுக்குள் சும்மா தேங்கி நிற்பது, அது போனால் மரத்தின் எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நாரின் சுவரில் ஊறியிருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும், அங்கேதான் வினை. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது, அகலத்தில் சுருங்கும். அதிலும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்கித் தொலைத்தாலாவது பரவாயில்லை. மரத்தின் குறுக்குவெட்டில் தெரிகிற வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அதனால்தான் பலகை ஓடு போலக் குவிகிறது, கால் முறுக்கிக்கொள்கிறது. தேக்கு நல்ல பிள்ளை, மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குகிற மரம். அப்படிப்பட்ட தேக்கே இவ்வளவு ஈரத்தோடு கையில் வந்தால் 60 செ.மீ. அகலத்தில் ஒரு செ.மீ.க்கு மேல் இழுத்துவிடும். முனைகள் முதலில் காயும், நடுப்பகுதி அப்படியே இருக்கும், அந்த இழுபறியில் மரம் வெடிக்காமல் என்ன செய்யும்?

சரி, கடைக்காரரிடமே நேரே போய்க் கேட்டேன். "நீங்க சரியா மாட்டலை தம்பி, மரத்துமேல குத்தம் சொல்லாதீங்க." கொதித்துப் போனேன். மேற்பலகை சுருங்கவும் விரியவும் இடம் வேண்டும் என்பதற்காகச் சட்டத்தில் ஒவ்வொரு துளையையும் நீள்துளையாக, உளியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தவன் நான். கழுந்து துளைக்குள் கையால் தள்ளினால் போகவும், ஆட்டினால் ஆடாமல் இருக்கவும் ஒவ்வொன்றையும் நாலைந்து முறை சீவிச் சீவிப் பார்த்தவன். இப்போது அதே கழுந்து துளைக்குள் லொடலொடவென்று ஆடுகிறது, கழுந்தின் தோள்பக்கம், அதாவது இரண்டு கட்டையும் முட்டி நிற்க வேண்டிய இடத்தில், காகிதம் நுழைகிற இடைவெளி. என் கைவேலையில் குறை இருந்தால் நானே ஒப்புக்கொள்வேன். இது என் குறை இல்லை.

மச்சான் வந்து பார்த்துவிட்டு, "மரம்னா வெடிக்கத்தான் செய்யும், விடுங்க, பொழுதுபோக்குதானே" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொழுதுபோக்கு என்றால் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாமா? தொழிலாகச் செய்கிறவருக்கு அடுத்த வாரம் அடுத்த வேலை இருக்கிறது. எனக்கு வாரத்தில் ஒரு பகல்தான் இருக்கிறது, அதையும் வீட்டில் கெஞ்சிக் கேட்டு வாங்குகிறேன். வேறு பலகை வாங்கிவிடலாம், அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

காயாத மரத்தை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைசல் வேலைக்கும், குடைந்து செய்யும் அகப்பைக்கும் பச்சை மரத்தைத் தேடிப் போய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "தம்பி, இது போன வாரம் அறுத்தது, வாங்கி ஒரு வருஷம் போட்டுவை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தோஷமாக வாங்கி அடுக்கிவைத்துக் காத்திருப்பேன். அதைச் சொல்ல என்ன செலவு? இனிமேல் ஈரம் பார்க்கும் மீட்டர் என் பையில் இருக்கும். மேல்பக்கம் குத்திப் பார்த்து ஏமாறவும் மாட்டேன், மேல் தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் என்பதால், முனையைத் தள்ளி ஒரு துண்டு அறுத்து அந்தப் புது வெட்டில்தான் குத்திப் பார்ப்பேன். அறுக்க விடமாட்டேன் என்கிறவரிடம் எனக்கு மரமே வேண்டாம்.

மேற்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டேன். புதிதாக ஐந்து பலகைகள் வாங்கி, குச்சி வைத்து அடுக்கி, ஒவ்வொன்றின் முனையிலும் தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். முதல் பலகை வந்த அன்று 2.41 கிலோ, போன மாதம் 2.36, இன்று 2.33. எடை இறங்குவது நிற்கிறவரை உளியைத் தொடப் போவதில்லை. "அப்பா, மேசை எப்போ?" என்று கேட்டுவிட்டு, பெண் இப்போதும் தரையில் குனிந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.