சைப்ரஸ் மக்கள் இணைப்பையே நிராகரித்தார்களா?

"2004 வாக்கெடுப்பில் சைப்ரஸ் மக்களே மீளிணைப்பு வேண்டாம் என்று தீர்ப்பளித்துவிட்டார்கள்" என்றொரு பதிவு வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. இது தவறு. கிரேக்க சைப்ரியர் வாழும் தெற்கு, துருக்கிய சைப்ரியர் வாழும் வடக்கு என 1974 முதல் பிரிந்து கிடக்கும் தீவை மீண்டும் ஒன்றாக்குவதே மீளிணைப்பு.

அந்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று வாக்குக்கு விடப்பட்டது இணைப்பு என்னும் கொள்கை அன்று, ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் பெயரால் அறியப்பட்ட ஒரு குறிப்பிட்ட திட்டமே. துருக்கிய சைப்ரியர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் அதை ஏற்றனர். கிரேக்க சைப்ரியர்களில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் மறுத்தனர். 1974 ஜூலையில், கிரேக்க ராணுவ ஆட்சி தூண்டிய ஆட்சிக்கவிழ்ப்பைத் தொடர்ந்து நுழைந்த துருக்கிப் படையில் ஒரு பகுதி தீவிலேயே நீடிக்கவும், அப்போது இடம்பெயர்ந்தவர்கள் வீடு திரும்புவதற்கு வரம்பு விதிக்கவும் திட்டம் இடமளித்தது என்பதே மறுத்தவர்களின் முக்கிய ஆட்சேபம். பதிவு இதையும் சொல்லவில்லை, துருக்கிய சைப்ரியர்களின் "ஆம்" வாக்கையும் சொல்லவில்லை. இரண்டாவது விடுபட்டது தற்செயல் என்று நம்புவது கடினம்.

வடபகுதி 1983-இல் அறிவித்த தனிநாடு சட்டப்படி செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 541-ஆம் தீர்மானம் கூறுகிறது. அதை அங்கீகரித்த நாடு துருக்கி மட்டுமே. பேச்சும் 2004-உடன் முடிந்துவிடவில்லை. தலைநகர் நிக்கோசியாவின் லெட்ரா தெருவில் இரு பகுதிகளையும் பிரித்திருந்த தடுப்பு 2008 ஏப்ரலில் அகற்றப்பட்டது. இன்று அங்கே அடையாள ஆவணத்தைக் காட்டிவிட்டு இரு தரப்பினரும் நடந்தே கடக்கிறார்கள். 2017-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் நடந்த பேச்சு, படைகளின் இருப்பு, சைப்ரஸின் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் அளித்த நாடுகளின் (கிரேக்கம், துருக்கி, பிரிட்டன்) தலையிடும் உரிமை ஆகியவற்றில் உடன்பாடு எட்டாமல் முறிந்தது.