காஸியன் ப்ளர் பற்றி ஒரு திருத்தம்

பறவைப் படங்களை ஃபோட்டோஷாப்பில் திருத்துவது பற்றி, "பின்னணியை மட்டும் செலக்ட் பண்ணி காஸியன் ப்ளர் போட்டால் 600 எம்எம் லென்ஸில் (பின்னணியை மங்கலாக்கிக் காட்டும் பெரிய டெலிஃபோட்டோ) எடுத்த மாதிரியே வந்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வராது சார்.

ப்ளர் என்பது படத்தை மங்கலாக்கப் பக்கத்துப் பிக்சல்களை ஒன்றோடொன்று கலப்பது. பறவையும் அதே லேயரில் (படத்தின் அடுக்கில்) இருந்தால் அதன் நிறமும் பின்னணியில் கசியும். பிறகு மாஸ்க் (எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிப்பது) போட்டுப் பறவையை மீட்டாலும் கசிந்தது கசிந்ததுதான். வேடந்தாங்கல் கொக்குப் படங்களில் வெள்ளை இறகைச் சுற்றி ட்யூப் லைட் போட்ட மாதிரி ஒரு விளிம்பு தெரியுமே, அது இதனால்தான். ப்ளர் போட்டே ஆகவேண்டுமா? நகல் லேயரில் முதலில் கன்டென்ட்-அவேர் ஃபில் (சுற்றியுள்ளதை வைத்து அந்த இடத்தை நிரப்பும் வசதி) மூலம் பறவையை எடுத்துவிட்டு, அப்புறம் போடுங்கள்.

அப்போதும் பறவை உட்கார்ந்திருக்கும் கிளை காட்டிக்கொடுக்கும். லென்ஸில் எடுத்தால், பறவையின் கால் பிடித்த இடம் கூர்மையாகவும் தள்ளிப் போகப் போக மங்கலாகவும் விழும். கிளையைப் பின்னணியோடு சேர்த்து ப்ளர் பண்ணினால் பறவை அந்தரத்தில் நிற்கும். அங்கே ப்ளரைப் படிப்படியாகக் கூட்டும் கிரேடியன்ட் மாஸ்க் வேண்டும்.

உண்மையில் பல படங்களுக்கு ப்ளரே தேவையில்லை. கண்ணை இழுப்பது இலை இடுக்கில் தெரியும் வானத்தின் வெள்ளைப் புள்ளிகள். ப்ளர் அவற்றைப் பரப்புமே தவிர அழிக்காது. பின்னணி மாஸ்கில் ஹைலைட்ஸ் (வெளிச்சமான பகுதிகள்), கிளாரிட்டி (விவரங்களின் துலக்கம்), சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) ஆகியவற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

போட்டிக்கு அனுப்புபவர்களுக்கு: லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் 'வைல்ட்லைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர்' போட்டியில் சென்சார் தூசியைத் துடைக்கலாம், குச்சியை க்ளோன் பண்ணி (வேறு இடத்துப் பிக்சல்களால் மூடி) எடுக்கக் கூடாது. அடுத்த சுற்றுக்குப் போனால் அசல் ஃபைலைக் கேட்பார்கள்.